எந்தத் தொடர்பும் இல்லை

"விடுங்க... இது நான் எடுத்தது!"

"நல்லா இருக்கே கதை! முதல்ல கை வெச்சது நான்."

சண்டை ஒரு ரோல் டேப்புக்கு. தண்ணீர் பட்டாலும் பிடி விடாத வெள்ளை டேப். அந்த இரும்புக் கடையில் அன்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஒரு பக்கம் அவள் விரல்கள், மறுபக்கம் அவன் விரல்கள். கடைக்காரரோ எனக்கென்ன வந்தது என்று காது குடைந்துகொண்டிருந்தார். வெளியே மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது.

"உங்க குடைத் தண்ணி என் கால்ல கொட்டுது. அதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாள் அவள்.

அவன் குனிந்து பார்ப்பான், பிடி தளரும், டேப்போடு ஓடிவிடலாம்... அதுதான் அவள் போட்ட கணக்கு. ஆனால் அவன் குனியவில்லை. அவளையே பார்த்தான். அமைதியான, பெரிய கண்கள். எதையும் அளந்து முடிக்கும்வரை இமைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் கண்கள். சே... என்ன கண்ணுடா இது! ஒரு நொடி தடுமாறினாள். அந்த ஒரு நொடி போதாதா? டேப் அவன் கைக்குப் போய்விட்டது, அதற்கான காசும் கல்லாவுக்குப் போய்விட்டது.

உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே அவனும் வந்தான். பையிலிருந்து ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். டேப்பைப் பர்ர் பர்ரென்று உரித்து அதில் சுற்ற ஆரம்பித்தான். பாதி டேப் பாட்டிலுக்கு மாறியதும் அவளிடம் நீட்டினான்.

"இந்தாங்க. உங்க முகத்தைப் பாத்தா, இது இல்லேன்னா உலகமே முழுகிடும்போல இருக்கு."

"எவ்வளவு தரணும்?"

"ஒண்ணும் வேணாம். கால்ல குடைத் தண்ணி கொட்டினதுக்கு நஷ்ட ஈடு."

சிரித்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். பேர்கூடக் கேட்கலையே... கேட்டு என்னடி செய்யப் போற? தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இருந்தும் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடந்தாள். டேப் நனைந்துவிடக் கூடாதாம்! நனைந்தால் ஒன்றும் ஆகாத டேப் அது என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் கூடாரத் துணி தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். அவளுடைய சித்தப்பா படகு கட்டுகிறவர். அவர் கட்டி, அவள் பாய் தைத்த ஒற்றை ஆள் படகுக்கு 'வாலு' என்று பெயர். ஒரு நிமிஷம் சும்மா நிற்கத் தெரியாததற்கு வேறென்ன பெயர் வைப்பது?

இரண்டு வருஷம் முன்பு, ஊருக்கு வெளியே மணல்திட்டை ஒட்டிய ஓடையில், ஐநூறு மீட்டர் தூரத்தை அவள் வாலுவில் பறந்து கடந்தாள். சிறு பாய்மரப் படகுகளில் அதுவரை யாரும் எட்டாத வேகம். ஆனால் அன்று நேரம் பார்க்க வரவேண்டிய ஆள் வரவில்லை. காற்றோ அருமையாக அடித்தது. "விடு பாப்பா, நான் பாக்கறேன் கடிகாரத்தை!" என்று சித்தப்பா ஆசையாசையாகக் கடிகாரத்தைப் பிடித்தார். வந்தது வினை! சொந்தக்காரர் நேரம் பார்த்தது செல்லாது என்று படகோட்டச் சங்கம் ஒரே வரியில் தள்ளிவிட்டது. அதோடு போயிற்றா? 'அண்ணன் மகளுக்காகக் கடிகாரத்தை இழுத்த மனுஷன்' என்று ஊர் பேசியது. சித்தப்பாவுக்கு 'ரப்பர் வாட்ச்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வாய் ஓயாத மனிதர், டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அவளால் தாங்கமுடியாமல் போனது சாதனை போனதல்ல, இதுதான்.

இப்போது மறுபடியும் முயற்சி. கடைசி முயற்சியும்கூட. வரும் ஞாயிற்றுக்கிழமை மணல் தோண்டும் கப்பல் அந்தத் திட்டை வெட்டப்போகிறது. திட்டு போனால் அலை உள்ளே வரும், இப்படி ஒரு தட்டையான தண்ணீர் பக்கத்தில் வேறெங்கும் கிடையாது. இந்த வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். சங்கமே ஒரு மூன்றாம் மனிதரை அனுப்புகிறது. ஒரு பயல் வாயைத் திறக்கக் கூடாது!

மறுநாள் காலை அந்த மூன்றாம் மனிதர் வந்தார். தோளில் அளவுக் கருவி, கையில் மடக்கு நாற்காலி, அக்குளில்... அதே குடை.

அவள் கையிலிருந்த பாயைக் கீழே போட்டாள். அவனும் ஒரு கணம் நின்றுவிட்டான். அந்தக் கண்களில் ஒரு மின்னல் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தும் போனது.

"நேத்து உங்களுக்கு ஒரு டேப் குடுத்தேன்," என்றான் மெதுவாக. "அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"என்னது?"

"ஓட்டறவங்களுக்கும் நேரம் பாக்கறவருக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது. அது சட்டம்."

"அட தம்பி!" சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு முழம் டேப்புக்கா இந்தப் பாடு?"

"அவ்வளவுதான்னு நாளைக்கு யாராவது விடுவாங்களா சார்?"

சித்தப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் பாயின் பிரிந்த தையல்மேல் முந்தின இரவு பார்த்துப் பார்த்து ஒட்டிய டேப்பைச் சரக்கென்று கிழித்தாள். அதைப் பாட்டில்மேலேயே கசங்கலாகச் சுற்றி அவன் கையில் திணித்தாள். பிறகு ஊசியும் மெழுகு நூலும் எடுத்து, வெயிலில் உட்கார்ந்து அந்தத் தையலைக் கையாலேயே போட்டு முடித்தாள். விரலில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. பெரிய இவன்! நேத்துச் சிரிச்ச சிரிப்பென்ன, இன்னைக்குப் பேசற பேச்சென்ன...

அவன் பதிவுக்காகக் கொண்டுவந்த கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னான்: "இந்தப் படகை ஓட்டுபவருக்கும் எனக்கும் உறவோ, நட்போ, வேறு எந்தத் தொடர்போ இல்லை."

தினமும் காலையில் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமாம். சொல்லட்டுமே. யாருக்கு வேண்டும் இவரோட தொடர்பு?

அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு.

கடல் கொஞ்சம் இறங்கினால்தான் மணல்திட்டு வெளியே தலைகாட்டி அலையைத் தடுக்கும். ரொம்ப இறங்கிவிட்டால் வாலுவின் அடியில் நீட்டியிருக்கும் அடித்துடுப்பு தரையில் தட்டும். நடுவில் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில் காற்றும் பலமாக அடிக்கவேண்டும். காற்று வருவதோ சாயங்காலம்! காத்து வந்தா தண்ணி இல்ல, தண்ணி வந்தா காத்து இல்ல என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஒரே ஒரு நம்பிக்கை, தண்ணீர் இறங்கும் நேரம் தினமும் முக்கால் மணிபோலத் தள்ளிப்போனது. சனிக்கிழமை அது காற்றைப் பிடித்துவிடும்.

அதுவரை அவள் விடிந்தால் கரையில் நின்றாள். பாயை ஏற்றினாள், இறக்கினாள், அடிப்பலகையை வழுவழுவென்று தேய்த்தாள். பட்டறை முதலாளி போன் செய்தால், "சனிக்கிழமை வரைக்கும் நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோங்க," என்று வைத்தாள்.

அவனோ முதல் நாளே ஐநூறு மீட்டரை அளந்து இரு முனையிலும் கம்பம் நட்டுவிட்டான். அப்புறம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். சொந்த பிளாஸ்க், சொந்த ரொட்டி. சித்தப்பா டீ நீட்டினால் கும்பிடு போடுவான். மணிக்கொரு தடவை முழங்கால் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்து, யாரோ வானத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்வான்.

"எங்கிட்டதானே சொல்றீங்க? இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னா வாய் சுட்டுடுமா?" என்று ஒருநாள் சீண்டினாள்.

"பொதுவாச் சொன்னேங்க."

"பொதுவாவே ஒரு தடவை சிரிக்கலாமே..."

அவன் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது நுனி மட்டும் சிவந்திருந்தது. ஓஹோ! அவளுக்குள் ஏதோ ஒன்று குதித்தது. சும்மா இருடி, வேலையைப் பாரு என்று அதட்டி உட்காரவைத்தாள்.

வியாழக்கிழமை காற்று வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே வீசியது. திட்டு இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. பொறுக்கமுடியாமல் பாயை ஏற்றிவிட்டாள். பாதித் தூரத்தில் ஓர் அலை குறுக்கே வந்தது... வாலு குப்புற விழுந்தது. உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மேலே வந்து பார்த்தால், குடை ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம் கிடக்க, அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான்!

"ஒண்ணும் ஆகலையே? அடி படலையே?" என்று கேட்டான். ஆனால் அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தான். வேறு யார் கையாவது படகில் பட்டால் அன்றைய முயற்சி ரத்து.

"ஒண்ணுமில்ல. வராதீங்க!" என்றாள். தனியாகவே வாலுவை நிமிர்த்தினாள். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோதும் அவன் அப்படியேதான் நின்றான். பின்னால் கட்டியிருந்த அந்தக் கைகளை அன்றிரவு வெகுநேரம் அவளால் மறக்கமுடியவில்லை.

மறுநாள் காலை தினசரி வாக்கியத்தைச் சொல்லும்போது, 'நட்போ' என்ற இடத்தில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் மேலே போனான்.

அன்று மழை. காற்று செத்துக் கிடந்தது. சித்தப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். படகுக் கொட்டகையின் இரண்டு மூலைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரைமேல் மழை தாளம் போட்டது.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"இருக்கு. நிலம் அளக்கற வேலை. லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"எதுக்கு? யாரோ ஒருத்திக்காகவா?"

அவன் நிமிர்ந்து நேராகப் பார்த்தான். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க சாதனை செல்லாதுன்னு எழுதினது நான்தாங்க."

மழைச் சத்தம்கூட நின்றுவிட்டாற்போல இருந்தது அவளுக்கு.

"நீங்களா?"

"நானேதான். அன்னைக்கு எடுத்த வீடியோவைப் பத்து தடவை பாத்தேன், முகம்கூடத் தெரியாத தூரம். உங்க வேகம் உண்மை. உங்க சித்தப்பா ஒரு நொடிகூட மாத்திப் போடலை. ஆனா..."

"உண்மைன்னு தெரிஞ்சுமா?" எழுந்துவிட்டாள். "தெரிஞ்சுமா எழுதினீங்க? அந்த மனுஷனை ஊரே ரப்பர் வாட்ச்சுங்குது! கடைவீதியில தலை குனிஞ்சு நடக்கறாரு! உங்களுக்கென்ன, ஒரு வரி... போட்டுட்டுப் போயிட்டீங்க!"

"நான் விட்டுக் குடுத்திருந்தா, சாதனையையே பொய்னு சொல்லியிருப்பாங்க. சாகற வரைக்கும் சொல்லுவாங்க. அதனாலதான் இந்தத் தடவை நானே..."

"போதும். இனிமே பொதுவாக்கூட எங்கிட்டப் பேசாதீங்க."

மழையிலேயே இறங்கி நடந்துவிட்டாள். கண்ணில் வழிந்தது மழையா, வேறா... அதெல்லாம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. நாளைக்குக் காற்று வந்தால் போதும். வேறெதுவும் வேண்டாம். வேறு யாரும் வேண்டாம்!

சனிக்கிழமை. மழை விட்டு வானம் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் மேற்கேயிருந்து வந்தது காற்று. முதலில் பாயின் ஓரத்தைச் சீண்டியது, பிறகு பிடித்து உலுக்கியது. திட்டு மெல்ல மெல்ல வெளியே வந்தது. உள்ளே தண்ணீர் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. தூரத்தில் மணல் தோண்டும் கப்பல் நங்கூரம் போட்டு நாளைக்காகக் காத்திருந்தது.

"பாப்பா! இது அதே காத்து!" சித்தப்பா குதித்தார்.

அவள் தலைக்கவசத்தை மாட்டினாள். அவன் இருந்த பக்கம் பாராமலே, "சார், உங்க வாக்கியத்தைச் சொல்லுங்க. கிளம்பணும்," என்றாள்.

திரும்பினாள். கேமரா மூடியே கிடந்தது.

"இன்னைக்கு என்னால அதைச் சொல்ல முடியாதுங்க," என்றான் அவன்.

"என்ன விளையாட்டு இது? ஏன் முடியாது?"

"சொன்னா பொய்யாயிடும்."

காற்று அவள் முகத்தில் அடித்தது. ஒரு கணம் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பொய்யாயிடும்... பொய்யாயிடுமா?

"நேத்து நீங்க போனதும் சங்கத்துக்குப் போன் பண்ணி விலகிட்டேன். மாத்து ஆள் காலையிலேயே வந்திருக்கணும். பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சாம், மழைத் தண்ணி. இப்பதான் சொன்னாங்க. முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீங்க பேச வேணாம்னு சொல்லியிருந்தீங்க..." அவன் கை கேமரா மூடிமேல் போனது. "நீங்க கேட்டா சொல்லிடறேன். ஒரே ஒரு வாக்கியம். விலகினதை வாபஸ் வாங்கிக்கலாம், காரணம் நான் இன்னும் சொல்லலை. யாருக்கும் தெரியப்போறதில்ல. நீங்களே சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

திட்டைப் பார்த்தாள். தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அரை மணி. அதற்குள்ளும் கொஞ்சம் போய்விட்டது. ஒரு சின்னப் பொய்... சொல்லிவிட்டால் இதோ கிளம்பிவிடலாம். அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகக் குனிந்த தலை.

"வேணாம்," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "சொல்லாதீங்க. ஒரு தடவை அவசரப்பட்டது போதும். நான் காத்திருக்கேன்."

சித்தப்பா கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். "நான் பாக்கவான்னு இந்தத் தடவை கேக்கமாட்டேன் பாப்பா," என்றார். பழைய மோட்டார் சைக்கிளை ஓர் உதை உதைத்தார். சேறு தெறித்தது, பாலத்தின் பக்கம் போயே போய்விட்டார்.

அதன்பிறகு நின்றார்களே இரண்டு பேரும், அந்த நிற்பை என்னவென்று சொல்ல! அவள் தண்ணீரில் வாலுவைப் பிடித்துக்கொண்டு, அவன் கரையில் கையைப் பிசைந்துகொண்டு. தண்ணீர் அவள் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. அவன் வழக்கம்போல ஆழத்தைச் சத்தமாகச் சொல்ல வாயெடுத்து, சொல்லத் தாங்காமல் மூடிக்கொண்டான். இன்னும் ஒரு சாண் இறங்கினால் எல்லாம் முடிந்தது.

மோட்டார் சைக்கிள் சத்தம்!

பின்சீட்டில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினார். "பாலத்துல நடந்தே தாண்டினேன். யாராவது டீ கீ குடுத்தீங்க, அப்படியே திரும்பிடுவேன்!" என்றார். கேமராவுக்கு முன்னால் நின்று வாக்கியத்தைக் கணீரென்று சொன்னார். சித்தப்பா அவளுக்கு ஜாடையில் காட்டினார், வாயில் விரல் வைத்து. வழி நெடுக அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்! அவர் வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய தியாகம்.

"போம்மா!" என்றார் அந்த அம்மாள்.

பாயை இழுத்தாள். காற்று கப்பென்று பிடித்தது. வாலு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, தண்ணீரைவிட்டு மேலே எழும்பியது. முதல் கம்பம்... கை வலித்தது, கண் எரிந்தது. விடாதே, விடாதே! கீழே மணல் வெளேரென்று ஓடியது. எங்கேயோ அடித்துடுப்பு தரையை உரசி, கர்ரென்று ஒரு சத்தம். உயிரே போனாற்போல இருந்தது. இரண்டு விரற்கடை, இரண்டே விரற்கடை உடம்பைச் சாய்த்துப் படகைத் தூக்கினாள். அப்போது காற்றையும் மீறி ஒரு குரல் கேட்டது.

"விட்றாதீங்க! இன்னும் கொஞ்சம்... விட்றாதீங்க!"

யார் பக்கமும் சேரக்கூடாதவன், ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், மணல்திட்டின்மேல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். கடைசிக் கம்பம் பளிச்சென்று கடந்துபோனது. அதில் சுற்றியிருந்த வெள்ளை டேப் மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது.

கண்ணாடி அம்மாள் கருவியை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"பழைய சாதனை போயிடுச்சு. போன தடவை நீ ஓட்டினதாச் சொன்னாங்களே, அதையும் தாண்டிட்டே. செல்லும். யார் வந்து கேட்டாலும் செல்லும்."

சித்தப்பா அப்படியே மணலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இனிமே நிமிர்ந்து டீக்கடைக்குப் போங்க சித்தப்பா. அன்னைக்கும் நீங்க சரியாத்தான் பாத்தீங்க. அங்க நிக்கறாரு பாருங்க, அவரே சொன்னாரு."

"இன்னும் ஒரு வேலை பாக்கி," என்றார் கண்ணாடி அம்மாள். "தம்பி, நீங்க ஏன் விலகினீங்க? காரணத்தை நேர்ல சொல்றேன்னீங்களாமே. நான் எழுதிக்கிட்டுப் போகணும். இந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

அவன் நனைந்த கால்சட்டையோடு வந்து நின்றான். "என் பக்கம் உண்டு மேடம். அந்த இரும்புக் கடையிலேயே ஆரம்பிச்சிடுச்சு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு. அவங்க பக்கம்... அது எனக்கு அளக்கத் தெரியலை."

"ஏம்மா, உன் பக்கம்?"

அவள் எழுந்தாள். அவன் நாற்காலியை நோக்கி நடந்தாள். பையைத் திறந்தாள். அந்தப் பாட்டில் அங்கேதான் இருந்தது, கசங்கிய டேப் ஒரு பிரிகூடக் குறையாமல். கம்பங்களுக்குத் தன் பாதியைத்தான் சுற்றியிருக்கிறான், பாவி! அவள் பாதியைத் தொடவே இல்லை. அதை எடுத்து அன்றைக்குப்போலவே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை திருப்பிக் கேட்டீங்க... அவ்வளவுதான்!" என்றாள் அவனிடம். கண் நிறைந்து வழிந்தது. இன்று மழைமேல் பழிபோட முடியாது.

"உண்டுன்னு எழுதிக்கட்டுமா?" என்றார் கண்ணாடி அம்மாள், பேனாவைத் திறந்தபடி. "என்ன தொடர்பு? உறவா, நட்பா?"

"அதை நான் சொல்றேன்மா..." என்று சித்தப்பா துண்டை விலக்கினார்.

"சித்தப்பா, நீங்க சும்மா இருங்க!" என்றாள் அவள். இமைக்க மறந்து நின்ற அந்தப் பெரிய கண்களை நேராகப் பார்த்தாள். இந்த முறை அவள் தடுமாறவில்லை.

"காதல்னு எழுதிக்கோங்கம்மா. ரெண்டு பக்கமும்."